பட்டினியால் எலும்பும் தோலுமான தெருநாய்களை மீட்டுப் பராமரித்தவர்கள்: மும்பை அனுபவங்கள்

செம்பூரிலிருந்து:

பல வாரம் வயிறு காய்ந்து கிடந்த நாயைக் கண்டதும் கையில் இருப்பதையெல்லாம் போட்டுவிடத்தான் மனம் துடிக்கும். அந்த இரக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்படிப்பட்ட உயிருக்கு முதல் நாளிலேயே வயிறு நிறையப் போடும் சோறு எமனாக முடியக்கூடும். நல்ல மனத்தோடு உணவிட்டுவிட்டு, இரண்டொரு நாளில் நாயைப் பறிகொடுத்து, காரணம் தெரியாமல் கலங்கி நின்றவர்கள் நம்மிடையே இருக்கலாம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், செம்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே காய்கறி விற்கும் இடத்தில், மூடிய கடை ஒன்றின் தார்ப்பாய் மறைவில் அவள் கிடந்தாள். செம்பழுப்பு நிறப் பெண் நாய். முதுகுத்தண்டின் கணுக்கள் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். இடுப்பெலும்புகள் தோலைக் குத்திக்கொண்டு நின்றன. தொடையில் சதை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. கழுத்தில் பழைய தோல் பட்டை இருந்தது. அதன் துளைகளில் ஒன்று மட்டும் நீண்டு தேய்ந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் கொக்கி அந்தத் துளையில்தான் மாட்டியிருக்க வேண்டும். இப்போதும் அதே துளையில்தான் மாட்டியிருந்தது, ஆனால் கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே என் கை முழுவதும் நுழைந்தது. யாரோ வீட்டில் வளர்த்து, வேண்டாம் என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன நாய் அவள்.

நான் பார்த்தவரையில், இந்த ஊரில் இந்த அளவுக்குப் பட்டினியால் நலிவது பெரும்பாலும் இப்படிக் கைவிடப்பட்ட நாய்களே. தெருவில் பிறந்த நாய்க்கு எந்த இறைச்சிக் கடை எப்போது கழிவைக் கொட்டும், எந்த வீட்டம்மா எப்போது சோறு வைப்பார் என்பதெல்லாம் தெரியும். அதற்கென்று ஓர் எல்லையும் கூட்டமும் இருக்கும். சோபாவுக்கு அடியில் படுத்து வளர்ந்த நாய்க்கு அவற்றில் ஒன்றும் தெரியாது. எந்தத் தெருவுக்குப் போனாலும் அங்குள்ள நாய்கள் அதைத் துரத்திவிடும்.

பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் ஒரு தட்டில் பாலை ஊற்றி, குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை முழுதாக அதில் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "பையா, இப்போதைக்குத் தண்ணீர் மட்டும் போதும், மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுப்போம்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் முகம் வாடிவிட்டது. என் அக்கா ஒரு மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறார். நெடுநாள் உண்ணாத நோயாளிகளுக்கு எடுத்த எடுப்பில் ஏன் முழுச் சாப்பாடு தரமாட்டார்கள் என்பதை அவர் வாயிலாகவே அறிந்திருந்தேன். இரண்டாம் உலகப் போரின் முடிவில் வதை முகாம்களிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பலர், பட்டினியைத் தாங்கியும், அதன் பிறகு கிடைத்த சாப்பாட்டைத் தாங்காமல் இறந்துபோனார்கள்.

அதன் காரணம் இதுதான். உணவு வராதபோது உடல், அடுப்புக்கு விறகில்லாதவர் வீட்டு உத்தரத்தையே உடைத்து எரிப்பதைப் போல, தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிர்வாழ்கிறது. அந்தக் காலத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய தாது உப்புகளின் இருப்பும் உள்ளுக்குள் வற்றிக்கொண்டே வருகிறது. அந்த நிலையில் சோறு, பிஸ்கட், சர்க்கரை போன்ற மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் ஒரேயடியாகச் சுரந்து, இரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்புகளையும் செல்களுக்குள் இழுத்துக்கொண்டுவிடும். இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்ததும் இதயத் துடிப்பு தடுமாறும், தசை தளரும், வலிப்பு வரலாம், சிவப்பணுக்களும் சிதையலாம். இது பெரும்பாலும் உணவு தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் நடந்துவிடும். சாப்பிட்டு வாலை ஆட்டிய நாய் மறுநாளோ அதற்கடுத்த நாளோ சுருண்டு விழுவது இதனால்தான்.

பரேலில் உள்ள விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதென்று முடிவு செய்தேன். பார்சி வள்ளல் தின்ஷா மானெக்ஜி பெட்டிட், தம் மனைவி சக்கர்பாயின் பெயரால் அமைத்துக் கொடுத்த மருத்துவமனை அது. மராத்திக்காரர்கள் 'பைல்கோடா' ஆஸ்பத்திரி என்பார்கள். செம்பூர்வாசிகளுக்கு அங்கே போவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டோ சயான் வரைதான் வரும், அதற்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியில்லை. சயானில் இறங்கி, மழையில் நாயைத் தூக்கிக்கொண்டு டாக்சி தேட வேண்டும், நாய் என்றதும் பலர் நிறுத்தமாட்டார்கள். ஆகையால் கிளம்பும்போதே பழைய படுக்கை விரிப்பு ஒன்றும், அதற்கு மேல் சுற்ற ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கை நனையாது, அழுக்காகாது என்று காட்டினால் ஓட்டுநர்கள் இறங்கி வருகிறார்கள். எங்களை ஏற்றிக்கொண்ட பெரியவர் விரிப்பைப் பார்த்த பிறகே கதவைத் திறந்தார், ஆனால் வழியெல்லாம் அவளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

எடை 11 கிலோ. அந்த உடல்வாகுக்கு இருபதை ஒட்டி இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். உடல் வெப்பமும் குறைந்திருந்தது. நாய்க்கு இயல்பாகவே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். அதனால் முதல் வேலையாக உடம்பைச் சூடேற்றினார்கள், இரத்தம் எடுத்தார்கள், தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். உணவுக்கு அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓய்வில் இருக்கும் 11 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 420 கலோரி வேண்டும். ஆனால் இவளுக்கு முதல் நாள் அதில் கால் பங்குதான். ஒரு வேகவைத்த முட்டையும் கட்டைவிரல் அளவு கோழித் துண்டும் சேர்ந்தால் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதையும் ஒரே வேளையில் கொடுக்காமல் ஆறு பங்காகப் பிரிக்கச் சொன்னார். மறுநாள் பாதி, அதற்கடுத்த நாள் முக்கால், பிறகே முழு அளவு. அதுவும் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் நிலையாக இருந்தால் மட்டுமே.

ஒரு கரண்டிக்கும் குறைவான உணவை வைத்துவிட்டு, அவள் தட்டைச் சுற்றிச் சுற்றி நக்குவதையும் பிறகு நம் முகத்தைப் பார்ப்பதையும் தாங்குவது எளிதன்று. என் மாமியார் அடுக்களையிலிருந்து தயிர் சாதத்தோடு வந்து, "குழந்தை இப்படிப் பார்க்கிறதே, ஒரு பிடி வைக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வைக்கவில்லை. அந்தச் சில நாட்கள் நாம் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளத்தான் வேண்டும். தண்ணீரையும் ஒரே மூச்சில் குடிக்கவிடாமல் சிறிது சிறிதாகவே வைத்தேன்.

ஈறு வெளுத்ததற்குப் பட்டினி மட்டும் காரணமாக இல்லை. காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணிகள் அப்பியிருந்தன. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல் உறுதியானது. மலத்தில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன; அந்தப் புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தையே உறிஞ்சும். டாக்சிசைக்ளின் மாத்திரை நான்கு வாரத்துக்கு எழுதித் தந்தார்கள். புழு மருந்தையும் தடுப்பூசிகளையும் உடல் சற்றுத் தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். எல்லா மருந்தையும் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள் என்று அவசரப்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவள் கைவிடப்பட்டவள் என்று காட்டிய அந்தக் கழுத்துப் பட்டையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை செய்தவருக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. தெரு முனையில் ஒரு வடா பாவ் வாங்கும் காசுக்கு ஓர் உயிரைத் தெருவில் விட்டுவிட்டுப் போகலாம் என்ற நிலை என்னைக் கொதிக்கச் செய்கிறது.

தாராவியிலிருந்து:

அக்கா அவர்களுக்கு வணக்கம். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகத் தாராவியில் இட்லித் தொழில் செய்துவருகிறது. அதிகாலையில் இட்லிக்காரர்கள் பாத்திரங்களோடு கிளம்பியதும், மீந்து உடைந்த இட்லிகளுக்காகச் சந்து நாய்கள் வாசலில் வந்து நிற்கும். அவற்றில் ஒருத்தி, மரப்பலகைகள் அடுக்கியிருந்த இடுக்கில் ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தாள். குட்டிகள் கொழுகொழுவென்று இருந்தன. தாயோ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனாள்.

ஒருநாள் காலையில் அவள் கால்களை விறைப்பாக ஊன்றித் தள்ளாடினாள், உடம்பெல்லாம் நடுங்கியது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தாள், தொட்டால் கொதித்தது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றார்கள் சிலர், வெறி பிடித்துவிட்டது என்று ஓடினார்கள் சிலர். வந்து பார்த்த மருத்துவர், பாலூட்டும் தாயின் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சரிந்ததால் வந்த வலிப்பு இது, உடனே மருந்து ஏற்றாவிட்டால் பிழைக்காது என்றார். கால்சியம் மருந்தைச் சிரை வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றினார். ஒரு கையில் ஊசி, மறு கையில் ஸ்டெதஸ்கோப். இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றினார், துடிப்பு மாறினால் நிறுத்திவிட வேண்டுமாம். அவர் முடிப்பதற்குள் அவள் தாடையின் நடுக்கம் அடங்கிவிட்டது. சந்தே கூடி நின்று அதைப் பார்த்தது.

குட்டிகளைச் சிறிது காலம் தாயிடமிருந்து பிரித்து, நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பொடியைக் கரைத்துப் புட்டியில் கொடுக்கச் சொன்னார். மாட்டுப் பால் குட்டிகளுக்குப் போதாது. தாய்க்கு இட்லி மட்டும் போதாது, கோழி ஈரலும் முட்டையும் வேண்டும் என்றும், பாலூட்டும் காலத்தில் அவளுக்கு வழக்கத்தைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஆற்றல் தேவைப்படும் என்றும் விளக்கினார். ஆனால் அக்கா எழுதிய அதே காரணத்தால் அந்த அளவுக்கு ஒரே நாளில் ஏறிவிடாமல் படிப்படியாகத்தான் கூட்டினோம். சினையாக இருக்கும்போதே கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால் இது வந்திருக்காதே என்று என் தம்பி கேட்டதற்கு, அப்படிக் கொடுப்பதால் உடல் தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் வேலையை மந்தமாக்கிக்கொண்டுவிடும், பிரசவத்துக்குப் பிறகு ஆபத்து கூடும் என்று பதில் சொன்னார். சாம்பார் ஊற்றிப் போடும் பழக்கமும் எங்கள் சந்தில் அன்றோடு நின்றது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஏற்கெனவே இரத்தம் குறைந்த நாய்க்கு அது மேலும் கேடு.

முலுண்டிலிருந்து:

தூக்குபவர்களின் பாதுகாப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நலிந்து கிடக்கும் நாய் கடிக்காது என்று நம்பிவிடக் கூடாது. எங்கள் சொசைட்டி வாசலில் கிடந்த ஒரு நாயை நானும் வாட்ச்மேனும் தூக்கியபோது, அதன் இடுப்பில் இருந்த புண்ணில் விரிப்பு உரசிய வலியில் அது திரும்பி என் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. அதன்மேல் எனக்கு வருத்தமே இல்லை. வலியைச் சொல்ல அதற்கு வேறு வழி ஏது? குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அன்றே மாநகராட்சி மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கி, 0, 3, 7, 28 என்ற நாட்களில் தோலுக்குள் போடும் ஊசிகளை முடித்தேன். இரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் செலுத்தினார்கள். எச்சில் ஒழுக, தண்ணீரை விழுங்க முடியாமல், தாடை தொங்கிக் கிடக்கும் நாய் பட்டினியால்தான் அப்படி இருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் போகாதீர்கள்; வாய்க்குள் கைவிட்டு எலும்பு சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவே கூடாது. அது வெறிநோயாகவும் இருக்கலாம். பயிற்சி பெற்ற மீட்புப் பணியாளர்களை அழையுங்கள்.

இப்போது அந்தச் செம்பழுப்பு நாய் எங்கே இருக்கிறாள் அக்கா? தெருவிலேயே திரும்ப விட்டுவிட்டீர்களா?

செம்பூரிலிருந்து:

தங்கையின் கேள்விக்கு: தெருவில் விடவில்லை. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டபின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்லும் முறை. தனக்கென்று ஓர் எல்லை உள்ள நாய்க்கு அது பொருந்தும். இவளுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கவில்லை. எடை தேறி, இரத்த அளவு சீரானதும் கருத்தடை செய்து, எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடியில் இருக்கும் மராத்திக் குடும்பத்தினரிடம் ஒப்படைத்தோம். அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மழை நாட்களில் அவளை என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். பரிசோதனைத் தாள்களையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உண்ணிக் காய்ச்சல் திரும்ப வரலாம் என்பதால் மாதந்தோறும் உண்ணி மருந்து வைக்கிறார்கள். புதிய பட்டையும் வாங்கியிருக்கிறார்கள்.

தாராவித் தம்பிக்கு: குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் கொடிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகளைத் தொடங்கிவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். பரேலுக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காவிட்டால் எழுதுங்கள், என் மகன் ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவான். ஐந்து குட்டிகளையும் தாயையும் ஒரே நடையில் கூட்டிப்போய் வந்துவிடலாம்.