ஜெர்மனியில் முதல் செமஸ்டர்: எந்தப் பாடங்களை எடுப்பது, எங்கே பதிவது?

விருதுநகர்க்காரி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தேன். முதுகலை படிக்கப் போன வாரம்தான் ஜெர்மனி வந்து சேர்ந்தேன். விசா கைக்கு வரவே அக்டோபர் மூன்றாம் வாரம் ஆகிவிட்டது, அதற்குள் வகுப்புகள் தொடங்கிவிட்டன. செமஸ்டர் கட்டணம் கட்டியாயிற்று, காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டது, மாணவர் எண்ணும் வந்துவிட்டது. இதற்குப் பிறகு என்ன செய்வது என்றுதான் விளங்கவில்லை.

நம் ஊரில் முதல் நாளே டைம்டேபிள் கொடுத்துவிடுவார்கள். இங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட பாடங்கள் பட்டியலில் கிடக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகள் மோதுகின்றன. பாடக்குறிப்புகள் போடும் பல்கலைக்கழக இணையதளமான மூடிலில் ஐந்து பாடங்களில் சேர்ந்துவிட்டேன். அதுவே போதுமா? அறைத்தோழி எட்டுப் பாடம் எடுத்திருக்கிறாள். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் எடுத்தே ஆக வேண்டுமா? எடுக்காவிட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா? பகுதிநேர வேலையும் தேட வேண்டும், வீட்டில் கல்விக்கடன் இருக்கிறது.

கொங்குத்தமிழன்

தங்கச்சி, முதலில் உன் அட்மிஷன் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை நிதானமாகப் படி. 'ஆஃப்லாகன்' என்று ஒரு பத்தி இருந்தால், இளங்கலையில் நீ படிக்காமல் விட்ட சில பாடங்களை இங்கே முடிக்க வேண்டும் என்று பொருள். பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் முடிக்கச் சொல்வார்கள். அவை முதுகலைப் பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் சேராது. எனக்கு இரண்டு பாடம் அப்படி இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் மற்றவற்றைத் திட்டமிட வேண்டும்.

லேப், செமினார், ஜெர்மன் மொழி வகுப்பு மூன்றுக்கும் இடம் குறைவு. அவற்றை இன்றைக்கே பார். பெரிய விரிவுரைகளுக்கு அந்த அவசரம் இல்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக்கூட முடிவு செய்யலாம்.

மாடியறை_ஜன்னல்

அம்மா, நீ மூடிலைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்ததும் மனசு பதறிவிட்டது. அதனால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை முதலில் சொல்கிறேன். மூடிலில் சேர்வது வகுப்புக்கு மட்டும்தான். தேர்வுக்கு நீயே தனியாகப் பதிய வேண்டும், வேறு தளத்தில், வேறு தேதிக்குள்.

2019 பிப்ரவரியில் திரவ இயக்கவியல் தேர்வுக்குப் போனேன். பன்னிரண்டு பயிற்சித்தாளும் போட்டிருந்தேன், ஒரு வகுப்பும் விட்டதில்லை. வாசலில் கண்காணிப்பாளர் ஒரு பட்டியலோடு நின்றார். அதில் பெயர்கள் கிடையாது, மாணவர் எண்கள் மட்டும். என் அட்டையை வாங்கி, பேனா முனையால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். மறுபடியும் ஒரு முறை தடவினார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அப்புறம் அட்டையை என் கையில் வைத்து 'லைடர் நிஷ்ட்' என்றார். மன்னிக்கணும், இல்லை என்று. கதவு சாத்தப்பட்ட பிறகு, உள்ளே அவர்கள் வினாத்தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. அந்த வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

பதிவுக்கான தேதிகள் டிசம்பரிலேயே முடிந்துபோயிருந்தன. அதைச் செய்ய வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. ஊரில் தேர்வுக்கட்டணம் கட்டினால் கல்லூரி அலுவலகமே மற்றதைப் பார்த்துக்கொள்ளும், ஹால் டிக்கெட் கையில் வந்துவிடும். அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டேன். அந்த ஒரு பாடத்தால் ஆய்வேடு ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது. ஆறு மாத வாடகையும் சாப்பாடும் கூடுதல் செலவு. அப்பாவிடம் போனில் சொல்ல எனக்கு நான்கு நாள் பிடித்தது.

அதனால் உன் துறையின் தேர்வு அலுவலகப் பக்கத்தைத் திறந்து, பதிவு தொடங்கும் நாள், முடியும் நாள், விலகிக்கொள்ளக் கடைசி நாள் மூன்றையும் எழுதிச் சுவரில் ஒட்டு. தேதி இடத்துக்கு இடம் மாறும், துறைக்குத் துறைகூட மாறும். அறைத்தோழி சொன்னாள் என்று நம்பாதே. பதிந்த பிறகு உறுதிப்படுத்தும் பக்கத்தைப் படம் பிடித்து வை.

எத்தனை பாடம் என்று கேட்டாயே. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வீட்டில் படிப்பதும் சேர்த்து. 30 கிரெடிட் என்றால் ஒரு செமஸ்டருக்கு 900 மணி நேரம் வரை. தாமதமாக வந்திருக்கிறாய், வாடகை ஒப்பந்தம், முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் இன்னும் இருக்கிறது. நான் உன் இடத்தில் இருந்தால் நான்கு பாடம், அதோடு ஜெர்மன் வகுப்பு. 30 என்பது பாடத்திட்டம் போட்டவர்களின் கணக்கு. அதைத் தொடாவிட்டால் உடனே விசா போய்விடாது. ஆனால் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது எத்தனை கிரெடிட் முடித்திருக்கிறாய் என்று பார்ப்பார்கள், அதனால் தேங்கி நின்றுவிடவும் கூடாது.

எட்டுப் பாடத்துக்கும் தேர்வு எழுத நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் ஊரில் அரியர் வைத்துவிட்டுப் பிறகு எழுதிக்கொள்ளலாம். இங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்றே வாய்ப்பு. கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். உன் படிப்புக்கு என்ன விதி என்பது 'ப்ரூஃபுங்ஸ்ஆர்ட்னுங்' என்ற விதித்தொகுப்பில் இருக்கும். பெரும்பாலும் ஜெர்மனில்தான் இருக்கும், மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது ஒரு வரி விடாமல் படி.

இரண்டு வகுப்பு மோதினால், ஒன்று குளிர்கால செமஸ்டரில் மட்டும் நடக்கிறதா என்று ஒவ்வொரு பாடத்தின் விவரமும் இருக்கும் மாட்யூல் கையேட்டில் பார். அப்படியானால் அதை இப்போது எடு, மற்றதை ஏப்ரலுக்குத் தள்ளு.

ரூர்_நதிக்கரை

மேலே அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம். 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி. ஆனால் முதல் செமஸ்டரில், பிப்ரவரி தேர்வு முடியும்வரை வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தால் இரு. நான் கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கி வழிந்தேன். பேராசிரியரிடம் உதவியாளர் வேலை கேட்க முதல் தேர்வின் மதிப்பெண் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். இங்கே 1.0தான் சிறந்தது, 4.0 வரை தேர்ச்சி. வீட்டில் சொல்லும்போது அதையும் விளக்கிவிடு, என் அம்மா 1.7 என்றதும் அழுதுவிட்டார்.

நேர அட்டவணையில் 9 மணிக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால் வகுப்பு 9.15க்கு. 'எஸ்.டி.' என்றால் சரியாக 9க்கே.

விருதுநகர்க்காரி

அக்கா, இரண்டு முறை படித்தேன். உடனே தேர்வு அலுவலகப் பக்கத்தைப் பார்த்தேன். எங்கள் துறைக்குப் பதிவு நவம்பர் 15இல் தொடங்குகிறது, நல்ல வேளை. அட்மிஷன் கடிதத்தில் ஒரு நிபந்தனைப் பாடமும் இருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. மூடிலில் ஐந்தில் இரண்டை விட்டுவிட்டேன். மூன்றோடு அந்த நிபந்தனைப் பாடம், அப்புறம் ஏ1 என்ற ஆரம்பநிலை ஜெர்மன். துறை ஆலோசகரிடம் வியாழன் பத்தரைக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

மாடியறை_ஜன்னல்

நல்லது. போகும்போது அட்மிஷன் கடிதத்தையும் இளங்கலை மதிப்பெண் பட்டியலையும் எடுத்துப்போ. அந்த நிபந்தனைப் பாடத்தை நீ ஏற்கெனவே வேறு பெயரில் படித்திருந்தால் விலக்குக் கேட்கலாம். சிலபஸ் பக்கத்தையும் அச்செடுத்துக்கொள், அதில்லாமல் பேச முடியாது.