தெருவே சௌராஷ்ட்ரம் பேசுது, என்கிட்ட மட்டும் தமிழ்

பிறந்தது மன்னார்குடி, வாழ்க்கைப்பட்டது நீடாமங்கலம். கணவருக்கு மாற்றல் வந்ததால் இப்போது கும்பகோணம். தாராசுரத்தில் மாடி வீடு அமைந்தது. ஐராவதேஸ்வரர் கோயில் பார்க்க வந்தவர்களுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்கள் தெரிந்திருக்கும். வீடு காட்டிய புரோக்கர் முன்னாடியே சொல்லிவிட்டார்: "தெரு முழுக்கப் பட்டுநூல்காரங்க, அதான் சௌராஷ்ட்ரா நெசவாளிங்க. தங்கமானவங்க. அவங்களுக்குள்ள வேற பாஷை பேசிப்பாங்க, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க." நினைக்க என்ன இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். மாமியார்தான் நினைத்துக்கொண்டார்.

பாஷை தெரியாத ஊரில் தவித்த கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். என் கதையில் அந்தத் தவிப்பே கிடையாது. இங்கே எல்லோரும் நல்ல தமிழ் பேசுகிறார்கள், அதுவும் நம்ம தஞ்சாவூர் ஜில்லா இழுப்போடு. சிக்கலே அங்கேதான் வருகிறது. கீழே திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து நெசவு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டு சௌராஷ்ட்ரத்தில் கலகலவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் படி இறங்குகிற சத்தம் கேட்டால் போதும், சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, "வாங்கக்கா, டிபன் ஆச்சா?" என்பார்கள். சிரிப்புக் கதையாக இருந்தால் எனக்காக மறுபடி முதலிலிருந்து தமிழில் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு இரண்டாவது தடவை வராது, பாவம் அவர்களுக்கும் தெரியும். இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டால் நான் எந்தக் காலத்தில் கற்றுக்கொள்வது?

கணவர் கொஞ்ச காலம் நாக்பூரில் இருந்தவர். இந்தி தெரியும், மராத்தி காதில் விழுந்திருக்கிறது. இதுவும் குஜராத்தி, மராத்திக்குச் சொந்தமான பாஷைதானே, ஒரு மாசத்தில் பிடித்துவிடுவேன் என்று சவால் விட்டார். நடுநடுவே ஒரு வார்த்தை மாட்டுகிறது, பின்னாடியே தெலுங்கு மாதிரி ஒன்று வருகிறது, அப்புறம் சுத்தத் தமிழில் "கூலி", "பாவு" (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) என்று வருகிறது. மனுஷர் சவாலைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை.

காலை நேரத்துத் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில நாள் விடியும்போதே தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். இரண்டு பக்கமும் ஆள்கள் நடந்துகொண்டே அறுந்த இழையைத் தேடுவார்கள். எனக்கு வெறும் மஞ்சள் பட்டையாகத் தெரிகிற இடத்தில் அவர்கள் கண்ணுக்கு ஒற்றை இழை அறுந்தது தெரியும். இரண்டு நுனியையும் எடுத்து விரலால் ஒரு முறுக்கு, அவ்வளவுதான், முடிச்சு எங்கே என்று நமக்குத் தெரியாது. அந்த நேரத்தில் ஸ்கூட்டர் போகாது, பால்காரர்கூட நடந்துதான் வர வேண்டும். அப்போது யாரும் எனக்காகத் தமிழுக்கு மாறுவதில்லை, வேலை மும்முரம். பிடி, இழு, விடு, பொறு, இந்த மாதிரி வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வரும். கை செய்வதைப் பார்த்துக்கொண்டே கேட்பதால் எதற்கு எது என்று தானாகப் புரிகிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு காபியோடு நான் படிக்கிற பாடம் அது.

இன்னொரு வாத்தியார் ஓனரம்மாவின் பேரன். இன்னும் பால்வாடிக்குப் போகாத வயசு, தமிழ் வராது. படியேறி வந்து அடுப்படி வாசலில் நின்று "பாணி" என்பான். தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு நீளமாக ஏதோ சொல்வான். நான் தமிழில் பதில் சொல்வேன். இந்தம்மாவுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்பது போலப் பார்த்துவிட்டு, அதையே மெதுவாக, சத்தமாக, கையை ஆட்டி இன்னொரு தடவை சொல்வான். தெருவிலேயே எனக்காக இறங்கி வராத ஒரே ஆள் அவன்தான்.

மாமியார் விஷயம். "நம்மளப் பத்தித்தான் பேசிக்கிறாளுவளோ" என்று அவருக்கு ரொம்ப நாள் சந்தேகம். ஒருநாள் ஓனரம்மா விசிறி மடிப்பில் ஒரு திருபுவனம் புடவையைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது, இந்த மடிப்பே அதற்கு அடையாளம் என்று ஆரம்பித்த பேச்சு, மருமகள்கள் பக்கம் திரும்பி, விளக்கு வைக்கிற நேரம் வரை போனது. இரண்டு பேரும் தமிழில்தான் பேசினார்கள், நான்தான் அங்கே நிற்க முடியவில்லை. அதற்குப் பிறகு மாமியாருக்குச் சந்தேகம் இல்லை, இனி எனக்குத்தான் வர வேண்டும்.

இந்த மாதிரி வேறு பாஷைத் தெருவில் குடியிருந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். "எனக்காக மாறாதீங்க" என்று எப்படிச் சொல்வது?

*

நெசவாளி மகன்:

அக்கா, நான் அந்தப் பக்கத்துப் பையன்தான், இப்போது வேலைக்காகச் சென்னையில். நீங்கள் வந்ததும் தமிழுக்கு மாறுவது எங்கள் வீட்டில் சின்ன வயசிலேயே சொல்லிக்கொடுத்தது. மூன்றாவது மனுஷர் எதிரில் நம் பாஷை பேசினால் அம்மா தொடையில் கிள்ளுவார். உங்கள் மாமியாருக்கு வந்த சந்தேகம் யாருக்கும் வரக்கூடாது என்றுதான். அதனால் "மாறாதீங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதாது, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

உங்கள் கணவர் காதில் தெலுங்கு விழுந்தது சரிதான். பெரியவர்கள் சொல்கிற கணக்கில், குஜராத் பக்கமிருந்து தேவகிரி, அங்கிருந்து விஜயநகரம், அப்புறம் நாயக்கர் காலத்தில் இங்கே. போன வழியெல்லாம் வார்த்தை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எங்களுக்குத் தனி எழுத்து உண்டு, 2008-ல் யூனிகோடிலும் ஏற்றிவிட்டார்கள். ஆனால் எனக்கு வாசிக்கத் தெரியாது, என் அப்பாவுக்கும் தெரியாது. ஒலி வித்தியாசத்தைக் காட்டத் தமிழ் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டு எழுதுவதுதான் எங்களுக்குச் சுலபம். கல்யாணப் பத்திரிகையோ முழுக்கத் தமிழ்.

ஒரு பெருமையும் சொல்லிக்கொள்கிறேன். தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் எங்கள் ஆள். வாலாஜாபேட்டைக்குப் போகும் முன் நம்ம அய்யம்பேட்டையில் இருந்தவர், அங்கிருந்து திருவையாற்றுக்குப் போய்ப் பாட்டுப் படித்தார். குரு வீட்டில் தெலுங்கு, சீடர் வீட்டில் சௌராஷ்ட்ரம், வழி நெடுகத் தமிழ். காவிரிக்கரையில் இதெல்லாம் புதுசில்லை.

அந்தப் பேரன் பேசுவதை முடிந்தால் போனில் பதிவு செய்து வையுங்கள். பள்ளிக்கூடம் போனதும் அவனும் தமிழில் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவான். 2011 கணக்கெடுப்பில் இதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் நாடு முழுக்கச் சுமார் 2.5 லட்சம் பேர்தான். என் பெண்ணுக்கு நான் பேசுவது எல்லாம் புரியும். வாயிலிருந்து வருவது தமிழும் இங்கிலீஷும்.

*

மேலவீதி மாமி:

நாங்கள் தஞ்சாவூரில் மராத்தி பேசுகிற வீட்டில் வெகு காலம் குடியிருந்தோம். ஒரு காலத்தில் ஆண்ட பாஷை அது, 1676-லிருந்து 1855 வரை. பெரிய கோயில் சுவரில் 1803-ல் வெட்டிய போன்ஸ்லே வம்ச வரலாறு மராத்தியில்தான் இருக்கிறது. வீட்டுக்காரரின் பிள்ளைகள் அதை வாய்பிளந்து பார்ப்பார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டுக்குள் மட்டும் பாட்டிக்கும் மருமகளுக்கும் சண்டை முழுக்க மராத்தியில் நடக்கும். புனே பக்கத்து உறவினர் வந்தால் இவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களாம், அவ்வளவு தமிழ் கலந்துவிட்டது.

எனக்கு நாளடைவில் முக்கால்வாசி புரிந்தது. அதனால் ஒரு யோசனை சொல்கிறேன் அம்மா. "புரியுது" என்பதை மட்டும் அவசரப்பட்டு வெளியில் சொல்லிவிடாதே. நான் ஒருநாள் வாய்தவறி அவர்கள் பேச்சுக்குச் சிரித்துவிட்டேன். அன்றோடு பாட்டி நாத்தனார் விவகாரத்தையெல்லாம் மாட்டுக்கொட்டகைக்குப் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டார்.