சிறுநீர்க் கசிவு இருப்பவர்களை நீச்சல் வகுப்பில் தக்கவைப்பது எப்படி? பேட், நேரம், அசைவுகள், குளத்துத் தண்ணீர்

கேள்வி: நீச்சல் பயிற்றுநர் (பெண்கள் பேட்ச்)

எல்லாருக்கும் வணக்கம். 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் காலை பேட்ச் பற்றிய கேள்வி. இருமினால், தும்மினால், படியேறினால் கொஞ்சம் சிறுநீர் கசிகிறது என்பதற்காகவே சேர்ந்த ஒரு வாரத்தில் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை, "வீட்ல வேலை" என்று போய்விடுகிறார்கள். மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் டாக்டரே நீந்தச் சொல்லி அனுப்பியவர்கள்தான் இதில் அதிகம்.

நாலு விஷயம் தெரிய வேண்டும். பேடையோ பெரியவர்களுக்கான டயப்பரையோ காஸ்ட்யூமுக்குள் வைக்கலாமா? எந்த அசைவில் கசிவு அதிகம்? 1 மணி நேர வகுப்பை எப்படிப் பிரிப்பது? கொஞ்சம் கசிந்தால் தண்ணீர் கெடுமா, மற்றவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

பதில் 1: பிசியோதெரபிஸ்ட் (இடுப்புத்தளம்)

மேடம், முதல் கேள்விக்கு நேரான பதில்: தண்ணீருக்குள் பேட் வேண்டாம், டயப்பரும் வேண்டாம். உள்ளே இருக்கும் உறிஞ்சும் பொடிக்குச் சிறுநீர் எது, குளத்துத் தண்ணீர் எது என்று தெரியாது. இறங்கின சில நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்து, ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி உப்பிவிடும். அதன் பிறகு சிறுநீருக்கு அதில் இடமே இல்லை. காஸ்ட்யூம் கனத்துத் தொங்கும், ஓரத்தையல் பிரிந்தால் அந்த ஜெல் வெளியே வந்து ஃபில்டர் வரைக்கும் போகும்.

கடையில் பெரியவர்களுக்கான நீச்சல் டயப்பர் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். அது மலத்தை மட்டும்தான் தடுக்கும், சிறுநீர் துணி வழியாக வெளியேறிவிடும். சிறுநீர்க் கசிவு மட்டும் உள்ளவர் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பீரியட் காஸ்ட்யூமும் (மாதவிடாய் நாட்களுக்கான, உறிஞ்சும் துணி வைத்த நீச்சல் உடை) சில சொட்டுகளோடு சரி.

தண்ணீருக்குள் கசிந்தது யாருக்கும் தெரியப்போவதில்லை. பயம் இருப்பது டிரஸ்ஸிங் ரூமிலிருந்து குளம் வரைக்கும் நடக்கும் அந்த இருபது முப்பது அடியில்தான், காஸ்ட்யூம் காய்ந்து இருக்கும்போது. அதனால் ஷவரில் நின்று காஸ்ட்யூமை முழுக்க நனைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். எல்லாமே ஈரமாக இருந்தால் எந்த ஈரம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. கறுப்பு அல்லது கருநீலம், முழங்கால் வரை வரும் மாடல் எடுத்துக்கொள்ளட்டும்.

கசிவு வருவது எங்கே என்றால், நீந்திக்கொண்டிருக்கும்போது குறைவு. வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறும் நொடிகளைக் கவனியுங்கள்: மேலிருந்து குதிப்பது, சுவரை உதைத்துத் தள்ளுவது, புரையேறி இருமுவது, கடைசியாகக் குளத்தை விட்டு ஏறுவது. இதில் ஏறுவதுதான் மோசம். அவ்வளவு நேரம் தண்ணீர் தாங்கிய உடல் எடை மொத்தமும் ஒரே சமயத்தில் திரும்பி வருகிறது. விளிம்பில் கையை ஊன்றி எம்பி ஏறும்போது மூச்சைப் பிடித்து முக்குகிறோம், நிறைந்த சிறுநீர்ப்பை அங்கே தோற்றுப்போகிறது. ஏணியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு படிக்கும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஏறச் சொல்லுங்கள்.

சுவரை உதைக்கும்போதும் இதே கணக்குதான். கால் நீள்வதற்கு அரை நொடி முன்பே இடுப்புத்தள தசையை (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை) மேலே இழுத்துப் பிடித்து, தண்ணீருக்குள் மூச்சை விட ஆரம்பித்து, அப்புறம் உதைக்க வேண்டும். தும்மலுக்கும் இருமலுக்கும் இதே வரிசை. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கின் அகலமான உதையில் கசிகிறது என்றால், சில வாரம் ஃப்ரீஸ்டைல் உதையோடு (கால்களை மாற்றி மாற்றி மேலும் கீழும் அடிப்பது) நிறுத்திவையுங்கள்.

"நீந்தினா தானா சரியாயிடும்" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஆகாது. தண்ணீரில் அந்தத் தசைக்குச் சுமையே குறைவு. அதனால்தான் நீச்சல் இவர்களுக்குப் பாதுகாப்பு, அதனாலேயே அது தசையைப் பலப்படுத்துவதும் இல்லை. கீகல் பயிற்சியைத் தரையில் தனியாகச் செய்ய வேண்டும். வாயு வெளியேறாமல் அடக்குவது போல இழுத்து 6 முதல் 8 நொடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்தி, 8 தடவை. நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். பாதிப்பேர் செய்யும் தவறு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிட்டத்தை இறுக்குவது, அல்லது மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குவது. முக்கினால் கசிவு கூடும். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம், பை முழுக்கக் காலியாகாமல் போகும்.

பதில் 2: குளம் பராமரிப்பாளர்

நாலாவது கேள்விக்கு. 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் என்றால் 4,50,000 லிட்டர் தண்ணீர். அதில் ஒருவர் 10 மில்லி கசியவிட்டால் எதுவும் ஆகாது. கிருமிப் பிரச்சினைக்கு முக்கியக் காரணம் மலம், சிறுநீர் அல்ல. ஆகவே வயிற்றுப்போக்கு உள்ளவரைத்தான் இறக்கக் கூடாது, அது எந்த வயதாக இருந்தாலும்.

சிறுநீரில் இருக்கும் யூரியா குளோரினோடு சேர்ந்து குளோரமைன் ஆகிறது. குளத்தில் "குளோரின் வாசனை" என்று நாம் சொல்வதும் கண் எரிச்சலும் பெரும்பாலும் இதனால்தான். ஆனால் யூரியா வியர்வையிலும் இருக்கிறது. தலைக்கு எண்ணெய், முகத்துக்கு கிரீம், உடம்பில் வியர்வையோடு குளிக்காமல் இறங்கும் இருபது பேரால் வரும் சுமைக்கு முன்னால் அந்த 10 மில்லி ஒரு கணக்கே இல்லை. வேண்டுமென்றே குளத்திலேயே சிறுநீர் கழிப்பது வேறு, அதை இதோடு சேர்க்காதீர்கள்.

யாராவது ஆட்சேபித்தால் ஒரே விதி எல்லாருக்கும்: இறங்கும் முன் சோப்பு போட்டு 1 நிமிடக் குளியல், கழிப்பறை போய்வருவது. தனியாக ஒருவரைச் சுட்டிக்காட்டத் தேவையே இருக்காது. பராமரிப்புப் பக்கம் ஃப்ரீ குளோரின் (எதோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது) 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பிஎச் (அமில-காரத் தன்மை அளவு) 7.2 முதல் 7.8. மொத்தக் குளோரினில் ஃப்ரீ குளோரினைக் கழித்தால் வருவது, அதாவது குளோரமைனாகிவிட்ட குளோரின், 0.4 பிபிஎம்மைத் தாண்டினால் புதுத் தண்ணீர் கலக்க வேண்டும், அல்லது இரவில் குளத்தை மூடி அந்த அளவின் 10 மடங்கு குளோரின் போட வேண்டும்.

பதில் 3: யூராலஜி வார்டு நர்ஸ்

நேரம் பிரிக்கிறதைப் பத்திச் சொல்றேன். கழுத்தளவு தண்ணில நின்னாலே கால்ல இருக்கிற ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும். உடம்பு அதை "நீர் ஜாஸ்தி ஆயிடுச்சு"னு எடுத்துக்கிட்டு சிறுநீரை அதிகமா உற்பத்தி பண்ணும். தண்ணி குளிர்ச்சியா இருந்தா இன்னும் கூடும். அதனால 1 மணி நேர வகுப்புல 30வது நிமிஷம் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாத்ரூம் இடைவேளை கொடுங்க. நிறைஞ்ச பையோட கடைசியில ஏணி ஏறினாத்தான் மேலே சொன்ன கசிவு நடக்குது.

இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை போகச் சொல்லுங்க: போயிட்டு எழுந்து நின்னு, 1 நிமிஷம் கழிச்சு மறுபடி உட்கார்ந்து முன்னாடி சாய்ஞ்சு முயற்சி பண்ணணும். தண்ணி குடிக்காம வர்றது தப்பு. சிறுநீர் கெட்டியாகி பையை எரிச்சல்படுத்தும், அவசரம் இன்னும் கூடும். குறைக்க வேண்டியது காபி, டீ. 6 மணி வகுப்புக்கு 5.30க்கு காபி குடிச்சிட்டு வந்தா 6.30க்குத் தாங்காது. வகுப்பு முடிஞ்சு குடிக்கட்டும்.

கால் வீக்கத்துக்கும் இதயத்துக்கும் நீர் மாத்திரை போடறவங்க நிறைய. ஃப்ரூஸிமைடு போட்டா 1 மணி நேரத்துக்குள்ள வேலையை ஆரம்பிச்சு சுமார் 6 மணி நேரம் நீடிக்கும். நீந்தற நாள்ல நேரத்தைத் தள்ளலாமானு டாக்டரைக் கேட்கச் சொல்லுங்க, தானா நிறுத்தக் கூடாது.

தும்மினா கசியறது ஒரு வகை. திடீர்னு அவசரம் வந்து பாத்ரூம் போறதுக்குள்ள போயிடறது வேற வகை. ரெண்டாவது வகைக்கு அவசரத்தைக் கிளப்ப ஷவர் சத்தமும் குளிர்ந்த தரையும் போதும். அவங்க ஓடக் கூடாது. அப்படியே நின்னு, தசையை 5, 6 தடவை சுருக் சுருக்னு இழுத்து விட்டு, அவசரம் தணிஞ்சதும் நடக்கணும். ஈர ஒன்-பீஸ் காஸ்ட்யூமை உரிக்கிறதுக்குள்ள காரியம் கெட்டுடும், அதனால இவங்களுக்கு மேல் டாப்பும் கீழே தனி பேன்ட்டும் உள்ள செட்தான் சரி.

தும்மல் வகைக்கு பெஸரினு ஒரு சிலிக்கான் வளையம் இருக்கு. மகப்பேறு மருத்துவர் அளவு பார்த்து வைக்கணும். இருமினா நழுவக் கூடாது, சிறுநீர் போறதைத் தடுக்கவும் கூடாது. உடற்பயிற்சி நேரத்துக்கு மட்டும் வச்சுக்கிட்டு கழற்றிக் கழுவறவங்களும் உண்டு.

முடிஞ்சதும் ஈரக் காஸ்ட்யூமோட ஸ்கூட்டர்ல வீட்டுக்குப் போக வேண்டாம். வெறும் தண்ணில கழுவி, தேய்க்காம ஒத்தித் துடைச்சு, தொடையிடுக்குல ஸிங்க் கிரீம் மெல்லிசாத் தடவி, அதுக்கப்புறம்தான் பேட். கிரீம் தடிச்சிருந்தா பேடோட மேல்துணியை அடைச்சு உறிஞ்சவே விடாது.

எரிச்சல், காய்ச்சல், சிறுநீர்ல ரத்தம் இருந்தா நீச்சல் வேண்டாம், டாக்டரைப் பார்க்கணும். கசிவு திடீர்னு ஆரம்பிச்சு, கால் மரத்துப்போனாலோ தொடையிடுக்குல உணர்வு குறைஞ்சாலோ அன்னிக்கே போகணும்.

பயிற்றுநர்:

மூவருக்கும் மிக்க நன்றி. இடைவேளையை எல்லாருக்கும் பொதுவாக வைப்பது நல்ல யோசனை. இன்னும் ஒன்று: வாரம் ஒருநாள் தண்ணீருக்குள் குதிக்கும் ஏரோபிக்ஸ் இருக்கிறது. கசிவு உள்ளவர்களை அதில் உட்காரவைத்துவிடலாமா?

பிசியோதெரபிஸ்ட்:

உட்காரவைக்க வேண்டாம் மேடம், ஆழத்தை மாற்றுங்கள். இடுப்பளவு தண்ணீரில் உடல் எடையில் சுமார் பாதி காலில் இறங்கும். மார்பளவுக்குப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். குதித்துத் தரை தொடும் அதிர்வும் அதே மாதிரி குறையும். கால் அகட்டிக் குதிப்பதற்குப் பதில் முன்னும் பின்னும் மாற்றி வைக்கும் அசைவைக் கொடுங்கள். 20 நொடி குதி, 20 நொடி நடை என்று மாற்றி மாற்றிப் போகட்டும். கசிவு பெரும்பாலும் முதல் குதியில் வராது, தசை களைத்த பிறகுதான் வரும். நீச்சல் தெரியாதவருக்கு மார்பளவு பயமாக இருந்தால், சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் வரிசையில் நிறுத்துங்கள்.