புதுப்பிப்பு: அம்மாவின் முதுகு ஊசி, 3 வாரம் கழித்து

அம்மாவுக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் மெத்தை போன்ற தட்டு) பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரை வலி இழுக்கிறது, எபிட்யூரல் ஸ்டீராய்டு ஊசி (முதுகெலும்புக்குள் நரம்பு வேர்களைச் சுற்றியுள்ள இடத்தில் அழற்சியைத் தணிக்கப் போடுவது) போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போட்டாகிவிட்டது, இங்கே பினாங்கிலேயே.

குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையில் சாயம் பரவுவதைப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்களாம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மரத்துப்போகும் மருந்தும் கலந்திருந்ததால் அன்று மாலை வலியே இல்லை, மறுநாள் பழையபடி திரும்பியதும் அம்மா அழுதுவிட்டார். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாள் பிடிக்கும் என்று முன்பே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், அது என் தப்பு. 5ஆம் நாள் காலையில் பசியாற ஆப்பம் வாங்க முனைக்கடை வரை தானே நடந்து போய் வந்தார், நடுவில் எங்கும் உட்காராமல்!

நீரிழிவு உள்ளவர்கள் கவனியுங்கள்: அம்மாவுக்கு 7இல் (mmol/L கணக்கில்) இருந்த ரத்தச் சர்க்கரை 14ஐத் தொட்டு, இறங்க ஒரு வாரம் ஆனது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம், இது டிஸ்க்கைச் சரிசெய்யாது. நரம்பைச் சுற்றியுள்ள அழற்சியைத்தான் தணிக்கும், அதுவும் பலருக்குச் சில வாரமோ சில மாதமோதான். அதனால் வலி அடங்கியிருக்கும்போதே பிசியோதெரபியைத் தொடங்கிவிட்டோம், செவ்வாயும் வெள்ளியும்.