கோபோல் இன்னும் எத்தனை நாள் ஓடும்? என் அனுபவம்

ட்ரெயினிங் முடித்த பிள்ளைகளுக்கு மெயின்ஃபிரேம் (பெரிய கம்பெனிகளின் ராட்சத கம்ப்யூட்டர்) புராஜெக்ட் என்று மெயில் வந்தாலே முகம் வாடிவிடுகிறது, அவர்கள் கேட்கிற முதல் கேள்வியும் மேலே தலைப்பில் இருப்பதுதான்.

சென்னையில் இருந்தபடி ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியின் மெயின்ஃபிரேமில் ஓடும், கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம்களைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். 1959-ல் உருவாக்கத் தொடங்கிய மொழி, 2023-ல்கூட புது ஸ்டாண்டர்டு வந்திருக்கிறது. 2020-ல் கொரோனா நேரத்தில் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில சிஸ்டம் கோபோலில் ஓடியதால், அதன் கவர்னர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். அதனால் மொழி போய்விடும் என்ற பயம் எனக்கு இல்லை. பயம் வேறு.

சமீபத்தில் வட்டி கணக்கிடும் ஒரு புரோகிராமை ஜாவா என்ற வேறு மொழிக்கு, தானாக மாற்றித்தரும் ஒரு டூலை வைத்து மாற்றினோம். டூல் எழுதிக்கொடுத்த கோடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேரலல் ரன்னில், அதாவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்து, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் சில பாலிசிகளில் மட்டும் ஒரு சென்ட் உதைத்தது. கணக்குப் போடும் கம்ப்யூட் வரியில் ரவுண்டட் என்று போடாவிட்டால் கோபோல் மிச்ச தசமத்தை அப்படியே வெட்டிவிடும், புது கோடோ எல்லா இடத்திலும் ரவுண்ட் செய்திருக்கிறது. சரி, அதைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தப் புரோகிராம் முழுக்க ரவுண்டட் இருக்க, அந்த ஒரு வரியில் மட்டும் ஏன் இல்லை? எழுதியவர் மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா? கோடுக்குள் எழுதிவைத்த குறிப்பில், அதாவது கமெண்டில், இருந்தது இரண்டு இனிஷியலும் 1987 என்ற வருஷமும்தான். அவர் எப்போதோ ரிட்டையர் ஆகிவிட்டார். கடைசியில் கிளையண்ட் பக்கம் ஒரு வயதான அம்மா, பாலிசி பிரிவில் இருப்பவர், "அந்தப் பழைய பிளானில் கான்ட்ராக்டே அப்படித்தான், வெட்டத்தான் வேண்டும்" என்றார். அவரும் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார்.

கோபோல் தெரிந்தவர்களை உருவாக்கிவிடலாம், கொஞ்ச மாதத்தில் படித்துவிடக்கூடிய மொழிதான். அந்த அம்மாவின் தலைக்குள் இருப்பதை எந்த டூல் மாற்றிக் கொடுக்கும்? அதனால் புதுசாக வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். ஒரு வரியைத் தொட்டால், அதற்கு மேலே ஒரு கமெண்ட் வரி சேர்த்து (ஏழாவது எழுத்து இடத்தில் ஸ்டார் போட்டால் கோபோல் அதைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளும்), என்ன மாற்றினீர்கள் என்பதை விட்டுவிட்டு ஏன் மாற்றினீர்கள், யார் சொன்னார்கள் என்று எழுதுங்கள். அப்புறம், பெரியவர்கள் யாராவது இன்னும் டீமில் இருந்தால் இந்த வாரமே கூட உட்கார்ந்து கேளுங்கள்.