முதல் தடவை பிஸ்டல் சுடுறவங்க எதுல ஆரம்பிக்கணும்? (டல்லாஸ்)

டல்லாஸ்_மாப்ள:
வணக்கம் மக்களே. நானும் வைஃபும் கிரீன் கார்டு. போன வாரம் அவங்கள முதல் தடவையா இன்டோர் ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போனேன், கவுன்டர்ல லேடிஸ்க்கு இதான் சரின்னு கையடக்கமா ஒரு 9 எம்எம் வாடகைக்கு குடுத்தாங்க. முதல் குண்டு பரவால்ல, அதுக்கப்புறம் ட்ரிக்கர் இழுக்கும்போதே கண்ணை மூடிக்கிறாங்க, எல்லாம் கீழ இடது பக்கமா போகுது (வலது கைதான்), பக்கத்து லேன்ல ஒருத்தர் ரைஃபிள் ஆரம்பிச்சதும் போதும் சாமின்னு வெளிய வந்துட்டாங்க. ஆனா திரும்ப ட்ரை பண்ணணுமாம். எப்படி ஆரம்பிக்கலாம்? சனிக்கிழமை மச்சினனும் வரேங்கறான், எஃப்1 ஸ்டூடன்ட் விசால படிக்கிறான்.

பித்தளை_தோட்டா:
துப்பாக்கி சின்னதா இருந்தா உதையும் (சுடும்போது பின்னாடி தள்ளறது) கம்மின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க ப்ரோ, நேர் எதிர். வெயிட் இல்லாததால உதை முழுக்க கைக்குத்தான் வரும். .22 கேளுங்க, அது சின்ன தோட்டா, ருகர் மார்க் 4 மாதிரி கனமான பிஸ்டல் நிறைய ரேஞ்சுல இருக்கும். டார்கெட்ட 3 கஜத்துல வைங்க. முதல்ல மேகசின்ல (தோட்டா அடைக்கற பெட்டி) ஒரே ஒரு குண்டு போடுங்க, ஏன்னா நல்லா பட்ட சந்தோஷத்துல "பாத்தீங்களா"ன்னு துப்பாக்கியோடவே நம்ம பக்கம் திரும்பிடுவாங்க, எல்லா புதுசும் செய்யறதுதான். நீங்க அவங்க வலது தோளுக்குப் பின்னாடி, கையை எட்டிப் பிடிக்கற தூரத்துல நில்லுங்க.

கீழ இடது போறது உதையை எதிர்பார்த்து கை மொத்தமும் இறுக்கறதால. டம்மி தோட்டாவ நடுவுல கலந்து அவங்களுக்குத் தெரியாம லோட் பண்ணிக் குடுங்க, வெடிக்காதப்போ முனை தானா கீழ குனியும், நீங்க சொல்லவே வேணாம், அவங்களே பாத்துருவாங்க. ஆனா ஒண்ணு, டம்மின்னு தோணுனாலும் முனை டார்கெட்டையே பாத்துட்டு 30 செகண்டு இருக்கணும், சில தோட்டா லேட்டா வெடிக்கும்.

கோவை_டு_ஆஸ்டின்:
சத்தம்தான் பாதி பயம். காதுக்குள்ள ஃபோம் ப்ளக், மேல மஃப், ரெண்டும் போடணும். ஆளில்லாத வார நாள் காலைல போங்க. கழுத்து மூடுன டீஷர்ட் போடச் சொல்லுங்க, சுட்டதும் வெளிய தெறிக்கற சூடான ஷெல் (காலி உறை) உள்ள விழுந்தா துள்ளுவாங்க, கையில லோடட் துப்பாக்கி இருக்கும், அதான் டேஞ்சர். அப்புறம் இடது கட்டைவிரல் ஸ்லைடுக்குப் (சுடும்போது பின்னாடி பாயற மேல் பாகம்) பின்னாடி இருக்கக் கூடாது, கிழிச்சிடும்.

விசா_அண்ணாச்சி:
எல்லாரும் உதையப் பத்தியே பேசறீங்க. தம்பி, மச்சினன் எஃப்1ங்கறதை யாருமே கவனிக்கலையா? நான்-இமிக்ரன்ட் (தற்காலிக) விசால வந்தவங்க, வேலைக்கு வர்ற ஹெச்1பி, டூரிஸ்ட் பி2 உட்பட, துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம், சட்டப் பிரிவு 18 யுஎஸ்சி 922(ஜி)(5). 2022லேர்ந்து அதிகபட்சம் 15 வருஷம் ஜெயில்.

டல்லாஸ்_மாப்ள:
ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுட்டாலுமா அண்ணாச்சி? அங்க யாரும் விசா கேக்கலையே.

விசா_அண்ணாச்சி:
வாடகையும் சேத்திதான். கேக்கலைன்னா சரின்னு ஆயிடாது. ஏதாவது ஒரு ஸ்டேட்டோட செல்லுபடியாகற ஹன்டிங் லைசன்ஸ் இருந்தா விலக்கு உண்டு, முதல்ல அத எடுக்கச் சொல்லுங்க. இல்லாம வந்தா வேடிக்கை பாக்கட்டும், தோட்டா டப்பாவக் கூட அவன்கிட்ட குடுக்காதீங்க.

பித்தளை_தோட்டா:
அண்ணாச்சி சொல்றது சரி. இன்னொண்ணு ப்ரோ, கோச்சிக்காதீங்க, வைஃபுக்கு நீங்களே சொல்லிக் குடுக்காம ஒரு மணி நேரம் இன்ஸ்ட்ரக்டர் போடுங்க. கார் ஓட்டக் கத்துக் குடுத்தப்போ என்ன ஆச்சுன்னு யோசிச்சுப் பாருங்க 😄

டல்லாஸ்_மாப்ள:
அது தனிக் கதைங்க. சரி, இன்ஸ்ட்ரக்டர் புக் பண்ணிட்டு .22 இருக்கான்னும் கேட்டுடறேன், மச்சினனுக்கு இப்பவே போன் போடறேன்.