பள்ளி நூலகத்துக்கு இரண்டு சொற்கள்: கட்டக்குறி, காண்பாயிரம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மாணவர்கள் தாங்கள் படித்த நூலைப் பற்றி எடுக்கும் ஒரு நிமிடக் காணொளிக்கும், அதைத் திறப்பதற்காக அலமாரியில் ஒட்டப்படும் சதுரக் குறிக்கும் (QR code, அதாவது Quick Response code) தமிழ்ப்பெயர் கேட்டுத் தொடங்கிய இவ்விழையில் வந்த பரிந்துரைகளை நிதானமாகப் படித்தேன். வடசென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டே நூலகப் பொறுப்பையும் பார்ப்பவன் நான். இச்சொற்களை அடுத்த வாரம் அச்சிட்டு ஒட்ட வேண்டியவனும் நானே என்பதால், அகராதியில் நிற்குமா என்பதோடு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் நிற்குமா என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

முதலில் குறி. நம் பாடநூல்களில் அச்சாகியிருப்பதால் 'விரைவுக் குறியீடு' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவரும், 'விரைவுத் துலங்கல் குறியீடு' என்பதே முழுமையானது என்று மற்றொருவரும் எழுதியிருந்தீர்கள். இரண்டுமே பொருளை விட்டுவிட்டு அதன் ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தவை என்பது என் கருத்து. ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவினரும் 1994இல் இக்குறியை வெளியிடுவதற்கு முன், வாகன உதிரிபாகப் பெட்டிகளில் ஒட்டிய பட்டைக்குறிகள் (barcode) ஏறத்தாழ இருபது எழுத்துகளுக்கு மேல் தாங்காததால், ஒரே பெட்டியில் பல பட்டைகளை ஒட்டி ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை தீர்ந்ததுதான் அவர்கள் சூட்டிய பெயரில் உள்ள 'விரைவு'. அந்தத் தொழிற்சாலையைப் பார்த்திராத பிள்ளைக்கு, எதைவிட விரைவு என்பது எப்படி விளங்கும்?

மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு. தேநீர்க் கடையில் காசு கொடுக்க வருகிறவர் "ஸ்கேனர் எங்கே அண்ணே?" என்று கேட்கிறார், கடைக்காரர் அந்த அட்டையைத் திருப்பிக் காட்டுகிறார். படிக்கும் கருவியின் பெயர் படிக்கப்படும் அட்டையின் மேல் ஏறிவிட்டது. கண்முன் இருக்கும் பொருளுக்குச் சொல் கிடைக்காதபோது பேச்சு தானே ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே நான் முன்வைப்பது 'கட்டக்குறி'. பட்டையால் ஆனது பட்டைக்குறி. கட்டத்தால் ஆனது கட்டக்குறி. மரப்பெட்டியைப் போல மகரம் கெட்டு வல்லினம் மிகுந்து இயல்பாகப் புணர்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. இக்குறியின் அளவே கட்டங்களால்தான் சொல்லப்படுகிறது: மிகச் சிறியதில் பக்கத்துக்கு 21 கட்டங்கள், அடுத்தடுத்த பதிப்புகளில் நான்கு நான்காகக் கூடி, நாற்பதாம் பதிப்பில் 177 கட்டங்கள். 'புள்ளிக்குறி' என்று முன்மொழிந்த நண்பர் புள்ளிக் கோலத்தை நினைவூட்டியது அழகாகவே இருந்தது. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளியும் முற்றுப்புள்ளியும் ஏற்கெனவே வகுப்பறையில் குடியிருக்கின்றன. ஒரு கலைச்சொல்லை ஏற்பதற்கு முன் அது குடும்பம் வளர்க்குமா என்று பார்ப்பது என் வழக்கம். மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய சதுரங்களை 'மூலைக்கண்' எனலாம். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு விட வேண்டிய வெற்றிடத்தை 'ஓரவெளி' எனலாம். அதிகபட்சமாக ஏறத்தாழ 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் படிக்க முடிகிற தன்மையைப் 'பிழைதாங்கல்' எனலாம். சென்னையின் ஈரக்காற்றில் ஒட்டுத்தாள் ஓரம் சுருண்டு, ஒரு மூலை கிழிந்து தொங்கும் எங்கள் அலமாரிகளுக்குப் பிழைதாங்கல் மிகவும் வேண்டிய குணம். ஆயினும் மூலைக்கண் ஒன்று போய்விட்டால் அந்தத் தாங்கல் பெரும்பாலும் உதவாது.

குறியை 'ஸ்கேன்' செய்வதற்கு இங்கு வந்த 'அலகிடு', 'வருடு' என்னும் இரண்டு வினைச்சொற்களில் எனக்குப் பெரிய பிணக்கு இல்லை; 'வருடு' போதும். 'அலகிடுதல்' என்பது யாப்பில் அசை பிரித்து வாய்பாடு கூறும் செயல். ஒன்பதாம் வகுப்பில் குறளை அலகிடச் சொல்லிவிட்டு, நூலகத்தில் குறியையும் அலகிடச் சொன்னால் பிள்ளைகள் தேமா புளிமா தேடுவார்கள். தாளின் மேல் ஒளி ஊர்ந்து செல்லும் கருவிக்குத்தான் 'வருடு' பொருந்தும், எட்ட நின்று ஒரே பார்வையில் படிக்கும் கைப்பேசிக்குப் பொருந்தாது என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் வருடி, வருடல் என்று அச்சொல் ஏற்கெனவே கிளைத்துவிட்டது. 'அச்சில் உள்ள விரைவுக் குறியீட்டை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்?' என்று கேட்டால், அது கிளைக்கவில்லை என்பதே என் விடை. அது முழு விடை ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி, நான் கூடுதலாக எழுத விரும்பும் இரண்டாம் சொல், காணொளிக்கானது. 'நூல் முன்னோட்டம்' என்பதற்கே இங்கு ஆதரவு மிகுதி. திரைப்படத்தின் முன்னோட்டம் அந்தப் படத்திலிருந்தே துண்டுகளை எடுத்துக் காட்டுகிறது. விற்பவரே அதைச் செய்கிறார். எங்கள் பிள்ளைகள் செய்வது அதுவன்று. நூலைப் படித்து முடித்த ஒருத்தி, இன்னும் படிக்காதவர்களிடம், இதை யார் எழுதினார், எதைப் பற்றியது, படித்தால் என்ன கிடைக்கும் என்று சொல்கிறாள். இதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது; அது பாயிரம், அதாவது நூலின் முன்னால் வரும் அறிமுக உரை. ஒரு குறிப்பிட்ட நூலுக்கே உரிய சிறப்புப் பாயிரத்தில் வர வேண்டியவையாக நன்னூல் எட்டைச் சொல்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். ஒரு நிமிடக் காணொளியில் ஆக்கியோன், நூற்பெயர், பொருள், கேட்போர், பயன் ஆகிய ஐந்தும் தவறாமல் வருமாறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாலே போதும். தனியாகத் திரைக்கதை வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது, பாயிரத்தை யார் செய்யலாம் என்ற விதி. நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்தல் தகுதியன்று என்று கருதிய நம் முன்னோர், தன் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், உரைகாரன் ஆகியோரே பாயிரம் உரைக்கத் தக்கவர் என்றனர். இங்கே கேமராவின் முன் நிற்பவர் பதிப்பாளர் அல்லர், விளம்பரக்காரர் அல்லர், அடுத்த வரிசையில் உட்கார்ந்து கற்பவர். நூலாசிரியரோடு ஒருங்கு கற்றவர் என்னும் பழம்பொருளைச் சற்று நீட்டித்தான் இதைச் சொல்கிறேன். உரிமை எடுத்துக்கொண்டதாக இலக்கண ஆசிரியர்கள் கடிந்துகொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. அலமாரியில் முதுகு மட்டும் தெரிய நிற்கும் நூலுக்கு அந்த வாசகரைத் தேடித் தருவதே இக்காணொளியின் வேலையும்.

எனவே 'காண்பாயிரம்'. காணொளியைப் போல இதுவும் வினைத்தொகை. பாயிரத்தின் மறுபெயர்களுள் ஒன்றான 'நூன்முகம்' எளிதாக இருக்குமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நானும் முதலில் அதையே நினைத்து, பிரித்து 'நூல்முகம்' என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். "ஐயா, முகநூலைத் தலைகீழாக எழுதிவிட்டீர்கள்" என்று வகுப்பே சிரித்தது. அன்றோடு அதை விட்டுவிட்டேன். 'பாயிரம்' சிறு பிள்ளைகளுக்குக் கடினம் என்ற மறுப்புக்கு ஒன்றே சொல்வேன்: அவர்கள் அச்சொல்லைப் பிற்பாடு நன்னூல் பாடத்தில் சந்திக்கும்போது அது முன்பே பழகிய முகமாக இருக்கும்.

எங்கள் பள்ளியில் மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதால், கட்டக்குறியை அலமாரியில் மட்டுமன்றி நூலின் பின்னட்டை உட்புறத்திலும் ஒட்டவிருக்கிறேன். வீட்டில் பெற்றோரின் கைப்பேசியில் காண்பாயிரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். இதைச் செய்யவிருக்கும் மற்றவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை: இணைய முகவரியில் நூலின் பெயரைத் தமிழிலேயே இடாதீர்கள். முகவரிக்கான குறியேற்றத்தில் 'க' என்ற ஒரே எழுத்து %E0%AE%95 என ஒன்பது குறிகளாகவும், 'கு' பதினெட்டாகவும் விரிந்து, கட்டங்கள் பெருகிப் பொடிப்பொடியாகி, பழைய கைப்பேசிகள் படிக்கத் திணறுகின்றன. முகவரி குறுகியதாக இருக்கட்டும். தமிழ்ப்பெயர் குறியின் கீழே பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. கேமராவின் முன் வரக் கூச்சப்படும் பிள்ளைகள் சிலர் குரலை மட்டும் பதிவுசெய்து தந்திருக்கிறார்கள். அதைக் 'கேள்பாயிரம்' என்று எழுதுவதா, 'கேட்பாயிரம்' என்று எழுதுவதா? அடுத்த வாரம் அச்சுக்குக் கொடுக்கும் முன் இலக்கணம் அறிந்தோர் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியன், சென்னை